அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோன பழைய நிரலை மீண்டும் ஓட வைப்பது எப்படி?

“நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க. அப்டேட் போட்டேன், நின்னு போச்சுங்க.” வீட்டுக் கணினியில் ஆசைக்கு ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கும் எவரிடமும் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம். தோட்டத்து மழைமானியின் அளவைப் பதிய ஒன்று, சிங்காநல்லூர் குளத்தில் பார்த்த பறவைகளைப் பட்டியலிட ஒன்று, பவானி ஜமக்காளத்துக்கு வண்ணப் பட்டைகளை வரைந்து பார்க்க ஒன்று என்று எழுதியிருப்பார்கள். எழுதிப் பல வருடம் ஆகியிருக்கும். ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு அடியில் இருக்கும் பைத்தான் என்ற நிரல்மொழி மாறிவிட்டது, அதனால் நிரல் நிற்கிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய படிப்பு தேவையில்லை. வரிசை மட்டும் தவறக் கூடாது. நின்றுபோன நிரலால் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடாது. அது நின்றதே உங்களுக்கு ஒரு தகவல். தப்பான எண்ணைக் காட்டிக்கொண்டே அமைதியாக ஓடும் நிரல்தான் ஆபத்து. அதனால், கண்ணில் பட்ட பிழையை உடனே திருத்தப் போகாதீர்கள். முதலில் பழைய நிரலைப் பழைய பைத்தானிலேயே ஓட வையுங்கள். அது தரும் விடைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு படியாக மேலே ஏறுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு மழைக் கணக்கு நிரலை எடுத்துக்கொள்வோம். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். அப்புச்சி நோட்டில் எழுதிவந்த மழை அளவுகளைப் பேத்தி 2018இல் கணினியில் ஏற்றி, மாதவாரியாகக் கூட்டவும் படம் போடவும் ஒரு நிரல் எழுதினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று உபுண்டு 18.04 என்ற இயங்குதளம், அதோடு வந்த பைத்தான் 3.6. இன்று அதே கணினியில் உபுண்டு 24.04, பைத்தான் 3.12. பைத்தான் ஆறு பதிப்புகள் முன்னே போய்விட்டது.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளையும் லைப்ரரிப் பெயர்களையும் (லைப்ரரி என்பது நம் நிரல் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில் நகல், அப்புறம் மற்றதெல்லாம்

நிரல் இருக்கும் ஃபோல்டரை அப்படியே வேறு இடத்துக்கு ஒரு நகல் எடுங்கள். தரவுக் கோப்பை, அது சிஎஸ்வியோ எஸ்கியூலைட்டோ எதுவானாலும், தனியாக ஒரு பென்டிரைவில் போடுங்கள். நிரலை மறுபடி எழுதிவிடலாம். 20 வருட மழைக் கணக்கை மறுபடி எழுத முடியாது. திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி தெரிந்தவர்கள் ஃபோல்டருக்குள் அதைத் தொடங்கி, இன்று இருக்கும் நிலையை முதல் பதிவாகப் போட்டுவிடுங்கள். இனிமேல் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் தனிப் பதிவாக இருக்கட்டும்.

பழைய வென்வ் ஃபோல்டர் உள்ளே கிடந்தால் அதை அழித்துவிடாதீர்கள். வென்வ் என்பது பைத்தானோடு வரும் கருவி. ஒரு நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளை மற்றவற்றோடு கலக்காமல் தனியாக வைக்கிறது. அது கணினியின் பைத்தானைச் சுட்டிக்கொண்டு நிற்பதால், கணினியின் பைத்தான் மாறியதும் உபயோகம் இல்லாமல் போகும். ‘நம்பை இல்லை, பாண்டாஸ் இல்லை’ என்று (நம்பை எண் கணக்குக்கான லைப்ரரி, பாண்டாஸ் அட்டவணைகளுக்கானது) பிழை வருவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். நிரலில் கோளாறே இருக்காது. அந்த வென்வைச் செப்பனிட முயல வேண்டாம், ஆனால் அதற்குள் நமக்கு வேண்டிய தகவல் இருக்கிறது. லிப் ஃபோல்டரைத் திறந்து சைட்-பேக்கேஜஸ் வரை போங்கள். ஒவ்வொரு லைப்ரரிக்கும் பெயரோடு பதிப்பு எண்ணையும் சேர்த்து ‘டிஸ்ட்-இன்ஃபோ’ என்று முடியும் ஃபோல்டர் இருக்கும். நம்பை 1.19.5, பாண்டாஸ் 1.1.5, படங்களுக்கான பில்லோ 8.4.0 என்பது போல. இந்த மூன்றும் பைத்தான் 3.6க்கு வெளிவந்த கடைசிப் பதிப்புகள். எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

வென்வும் இல்லை, லைப்ரரிப் பட்டியல் கோப்பும் இல்லை என்றால்? நிரல் கோப்பு கடைசியாக எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்று பாருங்கள். கீழே சொல்லப்போகும் யூவி என்ற கருவிக்கு ‘எக்ஸ்க்ளூட்-நியூவர்’ என்று ஒரு தேர்வு உண்டு. ஒரு தேதியைக் கொடுத்தால், அந்தத் தேதிக்குப் பிறகு வெளியான எந்தப் பதிப்பையும் தொடாமல், அன்றைக்கு இருந்த லைப்ரரிகளை மட்டும் நிறுவித் தரும். பட்டியல் எழுதி வைக்காதவர்களுக்கு இதைவிட நல்ல உதவி கிடையாது.

பழைய பைத்தானைப் பக்கத்தில் நிறுவுங்கள்

‘பக்கத்தில்’ என்ற சொல் முக்கியம். கணினியோடு வந்த பைத்தானை நீக்கவோ, பைத்தான்3 என்ற பெயரைப் பழைய பதிப்பின் பக்கம் திருப்பவோ கூடாது. உபுண்டுவில் பல கருவிகள் அந்தப் பைத்தானை நம்பி இருக்கின்றன. அதை மாற்றினால் டெர்மினல் ஜன்னலே திறக்காமல் போவதுண்டு. அப்புறம் நிரலை விட்டுவிட்டுக் கணினியைச் சரிசெய்ய உட்கார வேண்டியதுதான்.

புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது யூவி. ஒரே கட்டளையில் பைத்தான் 3.8ஐ இறக்கி உங்கள் பயனர் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கும். கணினியின் பைத்தானைத் தொடாது. 3.6க்கு எழுதிய நிரல் பெரும்பாலும் 3.8இல் அப்படியே ஓடிவிடும். முக்கியமான விதிவிலக்கு ஒன்று: நேரம் அளக்கப் பயன்பட்ட ‘டைம்.க்ளாக்’ 3.8இல் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் ‘பெர்ஃப்_கவுன்ட்டர்’ போடுங்கள்.

3.6தான் வேண்டும், அல்லது அதைவிடப் பழைய 2.7 வேண்டும் என்றால், வேண்டிய சூழலைத் தனிப் பெட்டி போல வைத்து ஓட்டும் டாக்கர் என்ற கருவி நல்லது. அந்தப் பழைய பதிப்புகளின் படிமங்கள் (தயார்ச் சூழல்கள்) இன்னும் கிடைக்கின்றன. பையென்வ் என்று இன்னொரு வழியும் உண்டு. அது பைத்தானை மூலத்திலிருந்து உங்கள் கணினியிலேயே கட்டுகிறது. 3.10க்கு முந்தைய பைத்தான்கள், பாதுகாப்பான இணைப்புக்கான இன்றைய லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 3க்காக எழுதப்பட்டவை அல்ல என்பதால் அங்கே சிக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். முதல் முறை செய்கிறவர்கள் அதைத் தள்ளி வைப்பது நல்லது.

விண்டோஸ்காரர்கள் பைத்தானின் தளத்திலிருந்து நேரடியாகப் பழைய இன்ஸ்டாலரை எடுக்கலாம். ஒரு விஷயம் தெரிந்திருந்தால் தேடும் நேரம் மிச்சம். ஒரு பதிப்பு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் பெறும் நிலைக்கு வந்துவிட்டால், அதன் பிறகு விண்டோஸுக்கு இன்ஸ்டாலர் போடுவதில்லை. அதனால் 3.8இல் 3.8.10தான் இன்ஸ்டாலர் உள்ள கடைசி வெளியீடு, 3.7இல் 3.7.9, 3.6இல் 3.6.8. பல பைத்தான்கள் சேர்ந்திருந்தால் ‘பை’ என்ற துவக்கியிடம் சிறுகோடும் பூஜ்ஜியமும் கொடுங்கள், எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும்.

நிறுவியாயிற்றா? அந்தப் பைத்தானை வைத்துப் புது வென்வ் ஒன்றை உருவாக்கி, தாளில் குறித்த பதிப்பு எண்களோடு லைப்ரரிகளைப் போடுங்கள். இந்த இடத்தில் வென்வ் இல்லாமல், லைப்ரரிகளை நிறுவும் பிப் என்ற கருவியை நேரே கொண்டு நிறுவப் போனால், ‘இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு நீளமான மறுப்பு வரும். டெபியன் 12, உபுண்டு 23.04 தொடங்கி இந்தப் பூட்டு இருக்கிறது. அதன் அடியிலேயே, கணினியின் தொகுப்புகள் உடைந்தாலும் பரவாயில்லை என்று சொல்லி உள்ளே நுழைய ஒரு தேர்வும் எழுதியிருக்கும். தயவுசெய்து அதைப் போடாதீர்கள். வென்வ் உருவாக்க அரை நிமிடம்கூட ஆகாது.

நிரல் ஓடிற்றா? அப்படியானால் பாதி வேலை முடிந்தது. சிலருக்கு முழு வேலையுமே முடிந்தது. மாதம் ஒரு தடவை, இணையம் இல்லாமல், உங்கள் வீட்டுக்குள் மட்டும் ஓடும் நிரலாக இருந்தால், அதைப் பழைய சூழலிலேயே விட்டுவைப்பதில் ஒரு தப்பும் இல்லை. அப்படி விடும்போது ‘பிப் டவுன்லோட்’ கொண்டு லைப்ரரிக் கோப்புகளை இறக்கி, நிரலோடு சேர்த்துப் பென்டிரைவில் வைத்துவிடுங்கள். வெளியிலிருந்து தகவல் வாங்கும் நிரல், மற்றவர்கள் இணையம் வழியாகப் பயன்படுத்தும் நிரல் என்றால் இந்தச் சலுகை கிடையாது. பழைய பைத்தானுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது. மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.

விடைகளைப் பிடித்து வைப்பது

ஏறும் முன் செய்ய வேண்டியதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். பழைய சூழலில் நிரலை ஓட்டி, அது தரும் எல்லா எண்களையும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் சேமியுங்கள். மழைக் கணக்குக்கு: ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு மாதமும் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை மழை நாட்கள், அதிகபட்சம் எந்தத் தேதியில். படத்தை மட்டும் பார்த்து ‘அப்படியேதான் இருக்கிறது’ என்று முடிவு கட்டக் கூடாது. கண்ணுக்கு இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டருக்கு மேல்.

பிறகு ஒவ்வொரு படி ஏறிய பின்பும் அதே பட்டியலைப் புதிதாக எடுத்து, வேறுபடும் வரிகளைக் காட்டும் ‘டிஃப்’ கட்டளை கொண்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு வரி மாறியிருந்தாலும் காரணம் தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படிப்படியாக ஏறுதல்

3.8இலிருந்து 3.9, அங்கிருந்து 3.10, 3.11, 3.12. ஒரே தாவலில் போனால் பத்துப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், எது எதனால் என்று பிரிக்க முடியாது. யூவி இருந்தால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு வென்வ் போடுவது எளிது.

ஒவ்வொரு படியிலும் எச்சரிக்கைகளைக் காட்டும்படி ஓட்டுங்கள். பைத்தானுக்குப் பின்னால் சிறுகோடு, பெரிய டபிள்யூ, அப்புறம் ‘டிஃபால்ட்’. பைத்தானில் எதையாவது நீக்கப் போகிறார்கள் என்றால் பொதுவாக முன்கூட்டியே எச்சரிக்கை போட்டுவிடுவார்கள். அந்த எச்சரிக்கைகளில் பெரும்பகுதி சாதாரணமாகக் கண்ணுக்குக் காட்டப்படுவதில்லை, அவ்வளவுதான். நிரல்களை நிறுவப் பயன்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பகுதி போகப் போகிறது என்று 3.10இலேயே சொன்னார்கள், 3.12இல் போய்விட்டது. எச்சரிக்கை வரும் பதிப்பில் வைத்தே திருத்திவிட்டால் அடுத்த படியில் நிரல் நிற்காது.

நின்றுவிட்டால் பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசி வரியில் என்ன பிழை என்று இருக்கும். அங்கிருந்து மேலே ஏறி, நீங்கள் எழுதிய கோப்பின் பெயர் வரும் வரியைக் கண்டுபிடியுங்கள். திருத்த வேண்டிய இடம் பெரும்பாலும் அதுதான். பிழை விழுந்தது சைட்-பேக்கேஜஸுக்குள் இருக்கும் ஒரு கோப்பில் என்றால், அந்தக் கோப்பைத் திறந்து கை வைக்காதீர்கள். அடுத்த நிறுவலில் உங்கள் திருத்தம் காணாமல் போய்விடும். அந்த லைப்ரரியின் பதிப்பை உயர்த்துவதுதான் வழி.

அடிக்கடி வரும் பிழைகள் என்று பார்த்தால் கொஞ்சம்தான். 3.9இல், திரெட் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் ‘இஸ்அலைவ்’ நீக்கப்பட்டது. நடுவே அடிக்கோடு போட்டு எழுதுவதே இப்போது செல்லும். 3.10இல், ‘மேப்பிங்’, ‘இட்டரபிள்’ போன்றவற்றைக் கலெக்‌ஷன்ஸிலிருந்து நேரே எடுக்க முடியாது, கலெக்‌ஷன்ஸ்.ஏபிசியிலிருந்து எடுக்க வேண்டும். 3.11இல் ‘கெட்ஆர்க்ஸ்பெக்’ போனது, கோப்பைத் திறக்கும்போது கொடுத்த ‘யு’ முறையும் போனது. 3.12இல் டிஸ்ட்யூட்டில்ஸ், ஐஎம்பி, அசின்கோர் மூன்றும் இல்லை. புது வென்வில் செட்அப்டூல்ஸும் தானாக வராது. தேவைப்பட்டால் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். 2024 அக்டோபரில் வந்த 3.13 இன்னும் பலவற்றை ஒரே வீச்சில் வெளியேற்றியது: சிஜிஐ, டெல்நெட்லிப், ஆடியோஆப், கிரிப்ட், இன்னும் சில.

லைப்ரரிகள் பக்கம் நம்பை 1.24தான் பலரை நிறுத்தியது. நம்பைக்குள்ளிருந்து ‘இன்ட்’, ‘ஃப்ளோட்’, ‘பூல்’ என்று எடுத்துக்கொண்டிருந்த பழக்கம் அதில் முடிந்தது. முன்னொட்டை எடுத்துவிட்டு வெறும் பைத்தான் பெயரைப் போட்டால் போதும். பாண்டாஸ் 2.0இல் அட்டவணையோடு வரியைச் சேர்க்கும் ‘அப்பெண்ட்’ இல்லை. ‘கான்கேட்’ போட வேண்டும்.

இன்னொன்று. நிறுவும்போதே சி மொழி, ஜிசிசி, தலைப்புக் கோப்பு இல்லை என்று பக்கம் பக்கமாகச் சிவப்பு வரிகள் ஓடினால் பயப்படாதீர்கள். உங்கள் பைத்தானுக்கு அந்த லைப்ரரிப் பதிப்பின் தயார்க் கோப்பு இல்லாததால் பிப் அதை மூலத்திலிருந்து கட்டப் பார்க்கிறது. ஜிசிசி நிறுவிப் போராடுவதைவிடச் சரியான பதிப்பைத் தேடுங்கள். பைத்தான் 3.12க்கு நம்பை 1.26 முதல்; 3.13க்கு 2.1 முதல்.

தேதி விஷயம்

மழைக் கணக்கு நிரல் பாண்டாஸ் 2.0க்கு வந்ததும் வேறொரு பிழையோடு நிற்கும். தேதியைப் படிக்க முடியவில்லை, கொடுத்த வடிவத்தோடு பொருந்தவில்லை என்று சொல்லும். சிஎஸ்வியைப் படிக்கும்போதே தேதியாக மாற்றச் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் பிழைகூட வராது. பத்தி வெறும் எழுத்தாகவே இருந்துவிட்டு, பின்னால் மாதத்தைப் பிரிக்கும் வரியில் நிற்கும். புதியவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், நேற்று வரை ஓடியதாயிற்றே என்று. உண்மையில் இந்தப் பிழைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நாம் எழுதுவது நாள், மாதம், வருடம். 02/11/2018 என்றால் நமக்கு நவம்பர் 2. வடிவம் சொல்லாமல் விட்டால் பாண்டாஸ் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்து, பிப்ரவரி 11 என்று படிக்கும். அது போகட்டும். அடுத்து 13/11/2018 வருகிறது. 13ஆம் மாதம் கிடையாதே என்று பழைய பாண்டாஸ் அந்த ஒரு வரியை மட்டும் நவம்பர் 13 என்று சரியாகப் படித்துக்கொள்ளும், யாரிடமும் சொல்லாமல். ஒரே பத்தியில் பாதி ஒரு வழக்கம், பாதி வேறு வழக்கம். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் பெய்த மழை வேறு மாதங்களுக்குச் சிதறிப்போகும். பதின்மூன்றாம் தேதி முதல் பெய்தது மட்டும் சரியான இடத்தில் நிற்கும். முதல் பன்னிரண்டு நாட்களில் 11/11 போல நாளும் மாதமும் ஒன்றாக இருப்பவை மட்டும் தப்பிக்கும்.

பாண்டாஸ் 2.0, 2023 ஏப்ரலில் வந்தது. அது முதல் வரியைப் பார்த்து வடிவத்தை முடிவு செய்துகொண்டு, பத்தி முழுக்க அதே வடிவம்தான் என்று பிடிவாதமாக நிற்கிறது. பொருந்தாத வரி வந்தால் நின்றுவிடுகிறது. அதாவது, புதுப் பதிப்பு நிரலைக் கெடுக்கவில்லை. இத்தனை வருடம் கெட்டிருந்ததை வெளியே காட்டியது.

நம் ஊர் மழையைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கோளாற்றை அட்டவணையிலேயே கண்டுபிடிக்க முடியும். கோவை, திருப்பூர், ஈரோட்டுச் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் எட்டிப் பார்க்கும். மற்றபடி ஐப்பசி, கார்த்திகை மழைதான் நமக்குப் பெரிய வரவு. பிப்ரவரி காய்ந்து கிடக்கும் மாதம். உங்கள் அட்டவணை வருடா வருடம் பிப்ரவரியில் கனமழை காட்டினால், வானத்தைச் சந்தேகிக்காமல் தேதியைச் சந்தேகியுங்கள். அக்டோபர், நவம்பர் மழை குறைந்து தெரியும். அந்த மழை ஜனவரியிலும் மார்ச்சிலும் ஜூலையிலும் போய் உட்கார்ந்திருக்கும்.

திருத்தம் ஒரே வரி. தேதியாக மாற்றும் இடத்தில் நாள், மாதம், வருடம் என்ற வடிவத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாண்டாஸை ஊகிக்க விடாதீர்கள். இதைச் செய்ததும் பிடித்து வைத்திருந்த பழைய விடைகளோடு டிஃப் பொருந்தாமல் போகும், போகத்தான் வேண்டும். இந்த இடத்தில் பழைய விடை சாட்சியாகாது. அப்புச்சியின் நோட்டை எடுங்கள். மூன்று நான்கு வருடங்களில், முதல் பன்னிரண்டு தேதிகளுக்குள் நல்ல மழை பெய்த நாட்களைத் தேர்ந்தெடுத்து, நோட்டில் உள்ளதும் நிரல் சொல்வதும் ஒன்றா என்று கையால் சரிபாருங்கள். ஒத்துப்போனால் புதிய பட்டியலை இனிமேல் ஒப்பிடும் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது பழைய அட்டவணையைக் கொடுத்திருந்தால் அவர்களுக்கும் திருத்தியதை அனுப்புங்கள்.

நேரத்திலும் இப்படி ஒரு சின்னச் சிக்கல் உண்டு. இந்தியாவில் மழை அளவைக் காலை 8.30க்கு எடுப்பது வழக்கம். உலக நேரத்தில் அது சரியாக 3 மணி. தானாகப் பதியும் மழைமானிக்கு எழுதிய நிரல்களில் ‘யூடிசிநவ்’ என்று இருந்தால், 3.12 எச்சரிக்கை போடும். அந்த வரியை மாற்றும்போது நேர மண்டலத்தையும் சேர்த்தே எழுதுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவுக்கும் அதிகாலை 5.30க்கும் இடையில் பெய்தது முந்தின நாள் கணக்கில் விழும்.

இன்னும் பழையது: பைத்தான் 2

பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிந்தது. அந்தக் காலத்து நிரல் கையில் இருந்தால் டாக்கரில் 2.7ஐ வைத்து ஓட்டி விடைகளை எடுங்கள். மாற்றுவதற்கு ‘2டு3’ என்ற கருவி இருந்தது, 3.13இல் அதுவும் நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் நாம் நிறுவிய 3.8இல் இருக்கிறது. பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி போடுவது, ‘ரா_இன்புட்’டை மாற்றுவது எல்லாம் அது பார்த்துக்கொள்ளும்.

அது பார்க்காதவை இரண்டு. ஒன்று வகுத்தல். பைத்தான் 2இல் 7ஐ 2ஆல் வகுத்தால் 3. பைத்தான் 3இல் 3.5. இரண்டாவது ‘ரவுண்ட்’. பைத்தான் 2இல் 2.5ஐ முழு எண்ணாக்கினால் 3 வரும். பைத்தான் 3 சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளும், அதனால் 2 வரும். மழைக் கணக்கில் இது சாதாரண விஷயம் இல்லை. 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் அது மழை நாள் என்று இந்திய வானிலைத் துறை கணக்கிடுகிறது. நிரல் முதலில் முழு எண்ணாக்கிவிட்டு அப்புறம் 2.5ஓடு ஒப்பிட்டால், எல்லையில் நிற்கும் நாட்கள் மொத்தமாகக் கணக்கிலிருந்து விழுந்துவிடும். முழு எண்ணாக்குவதைக் கடைசியில், திரையில் காட்டும் இடத்தில் மட்டும் வையுங்கள்.

தமிழ் எழுத்தும் படம் வரையும் நிரல்களும்

தமிழ் ஊர்ப் பெயர்கள் உள்ள கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு எழுதுங்கள். லினக்ஸில் சொல்லாமலே நடக்கும்; அதே நிரலை விண்டோஸில் ஓட்டும்போது பெயர்கள் சிதைந்து வரும். 2000ங்களின் தொடக்கத்தில் எழுதிய கோப்புகளாக இருந்தால் டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் இருக்கலாம். ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் லைப்ரரியில் அவற்றை யுனிகோடாக்கும் வசதி உண்டு. ஒரு தடவை மாற்றி, யுனிகோடிலேயே சேமித்துவிடுங்கள். ஓடும்போதெல்லாம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஜமக்காளப் பட்டை வரையும் நிரல் போன்றவை பில்லோவைப் பயன்படுத்தும். 2023 ஜூலையில் வந்த பில்லோ 10 ‘ஆன்ட்டிஏலியஸ்’ஐ நீக்கியது, அதே வேலையை ‘லாங்க்சோஸ்’ செய்கிறது, பெயரை மட்டும் மாற்றினால் போதும். எழுத்தின் அகலம் பார்க்கும் ‘டெக்ஸ்ட்சைஸ்’ போய் ‘டெக்ஸ்ட்பிபாக்ஸ்’ வந்திருக்கிறது. முன்பு அகலம், உயரம் என்று இரண்டு எண்கள். இப்போது இடது, மேல், வலது, கீழ் என்று நான்கு. வலதிலிருந்து இடதைக் கழித்தால் அகலம்.

படத்தில் தமிழ் எழுதும்போது ‘கொ’, ‘பை’ போன்றவற்றின் கொம்பு இடம் மாறி நின்றால் எழுத்துருவைக் குற்றம் சொல்லாதீர்கள். சூழலைப் புதிதாகப் போட்டபோது ராக்ம் என்ற எழுத்து அடுக்கும் லைப்ரரி வேலை செய்யாமல் போயிருக்கும். பில்லோவின் ‘ஃபீச்சர்ஸ்’ பகுதியில் ராக்ம் இருக்கிறதா என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லும். இல்லை என்றால் ஃப்ரிபிடி என்ற தொகுப்பைக் கணினியில் நிறுவிவிட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள்.

ஜன்னல்களும் பொத்தான்களும் வரையும் லைப்ரரியான பைகியூட்டி5இல் எழுதிய வரைபட நிரல்கள் 3.10இல் வேறு காரணத்துக்காக நிற்கும். முழு எண் வேண்டிய இடத்தில் தசம எண் கொடுத்தால் பழைய பைத்தான் தசமத்தை வெட்டிவிட்டு ஏற்றுக்கொள்ளும், 3.10 ஏற்காது. ‘இன்ட்’ போட்டுச் சுற்றினால் பழையபடியே வரையும். அதை முதலில் செய்து, விடை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: 100 இழையை மூன்று பட்டையாகப் பிரித்து ஒவ்வொன்றையும் வெட்டினால் 33, 33, 33. ஒரு இழை எங்கே? திரையில் இது தெரியாது; நெய்கிறவருக்குக் கொடுக்கும் கணக்கில் தெரியும். பட்டையின் அகலத்தை வெட்டாமல், பட்டைகள் முடியும் எல்லைகளை முழு எண்ணாக்குங்கள்: 33, 67, 100. அகலம் 33, 34, 33 என்று வரும், இழை குறையாது. இந்த மேம்பாட்டைக் கிட்டில் தனிப் பதிவாகப் போடுங்கள், பதிப்பு ஏற்றும் வேலையோடு கலக்க வேண்டாம்.

பைத்தான் அல்லாத நிரல்களுக்கும் வழி இதேதான். பழைய ஜாவா நிரல் என்றால் ஜாவா 8ஐப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஜாவா 11இல் ஜாக்ஸ்பி நீக்கப்பட்டதும் ஜாவாஎஃப்எக்ஸ் தனியாகப் போனதும் பல நிரல்களை நிறுத்தியவை. பிஎச்பியில் ‘மைஎஸ்கியூஎல்’ என்று தொடங்கும் பழைய கட்டளைகள் 7.0இலேயே போய்விட்டன.

முடிக்கும் முன் நிரலின் ஃபோல்டரில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு எழுதி வையுங்கள், தமிழிலேயே எழுதலாம். எந்தப் பைத்தான் பதிப்பு, எந்த லைப்ரரி எந்த எண், எப்படி ஓட்டுவது, விடைகளை எதோடு ஒப்பிடுவது, தேதி எந்த வரிசையில் இருக்கிறது. லைப்ரரி எண்களை ‘பிப் ஃப்ரீஸ்’ தானே எடுத்துத் தரும். நிரல் வேறொருவர் எழுதியது, நீங்கள் திருத்தியது என்றால், உங்கள் திருத்தங்களை அவருக்கு அனுப்புங்கள். அவர் போட்ட உரிமத்தையும் பெயரையும் அப்படியே விடுங்கள். உதவி கேட்டு யாருக்காவது எழுதும்போது ‘ஓடவில்லை’ என்று மட்டும் எழுதாமல், பைத்தான் பதிப்பு, பிழையின் கடைசி வரி, லைப்ரரிப் பட்டியல் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.